வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதன்
மாற்கு 5:1–20 பற்றிய ஒரு திறனாய்வு

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் முதல் இருபது வசனங்களில் வரும் கெரசேனர் நாட்டு மனிதனின் வரலாறு நம் பிரசங்க மேடைகளுக்குப் பழக்கமானது. கல்லறைகளுக்கிடையே குடியிருந்த மனிதன், துண்டாகிப்போன விலங்குகள், ‘லேகியோன்’ என்னும் பெயர், மேட்டிலிருந்து கடலிற் பாய்ந்த ஏறக்குறைய 2000 பன்றிகள் ஆகிய யாவும் கேட்போர் உள்ளத்தில் எளிதிற் பதியத்தக்கவை. ஆகையால் பிரசங்கியார் பலர் பன்றிகள் மூழ்கிய இடத்திலேயே தம் உரையை முடித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆயின் நற்செய்தியாளர் அவ்விடத்தில் முடிக்கவில்லை. 14 முதல் 20 வரையுள்ள ஏழு வசனங்கள், அதாவது நிகழ்ச்சியின் மூன்றில் ஒரு பங்கு, பன்றிகள் மாண்டபின் நடந்தவற்றைக் கூறுகின்றன. ஊரார் வந்து பார்க்கின்றனர், அஞ்சுகின்றனர், இயேசுவைத் தம் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டுகின்றனர். குணம்பெற்றவன் அவரோடு செல்ல விரும்புகிறான். அவரோ அவனை அவன் வீட்டுக்கும் அவனைச் சேர்ந்தவர்களிடத்திற்கும் அனுப்புகிறார்.

இவ்வேழு வசனங்களைத் தேனி மாவட்டத்துத் தேவாரத்தையும், அதனை அடுத்த போடிநாயக்கனூரையும், இவ்விரண்டிற்கும் மேலே உயர்ந்துநிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் மனத்திற்கொண்டு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மனநோயுற்றோரிடையே பணிசெய்யவும் அவர்கள் சார்பில் பேசவும் அழைக்கப்பட்டிருக்கும் ஆயருக்கு இப்பகுதி கேட்கும் கேள்வி எது என்பதே நாம் ஆராய விரும்புவது.

1. வழங்கிவரும் மூன்று விளக்கங்கள்

இப்பகுதிக்கு நம்மிடையே வழங்கும் விளக்கங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இதனை முற்றிலும் பிசாசுகளின்மேல் கிறிஸ்து கொண்ட வெற்றியாகக் காண்பது. மாற்குவின் நோக்கத்தில் இதற்கு இடமுண்டு என்பதை மறுக்கவியலாது. எனினும் இவ்விளக்கம் மேடையில் ஓங்கும்போது, மனிதன் பின்தள்ளப்பட்டுப் பிசாசே கதைத் தலைவனாகிவிடுகிறது. இதன் நடைமுறை விளைவும் கவனத்திற்குரியது. மனச்சிதைவு நோயால் காதிற் குரல் கேட்கும் இளைஞனையும், பிள்ளைப்பேற்றுக்குப்பின் மனம் கலங்கிய தாயையும், வலிப்பு நோயுற்ற சிறுமியையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே முறையால் நடத்தும் வழக்கம் இவ்விளக்கத்தின் நிழலில் வளர்ந்ததே.

இரண்டாவது, கற்றோரிடையே விரும்பப்படுவது. அக்காலத்தார் பிசாசு என்றதை இக்காலத்தார் நோய் என்கிறோம் என்று கூறி, அம்மனிதனின் நோய் இன்னதெனப் பெயரிடுவது. ஆயின் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனுக்கு இருபது வசனங்களைக்கொண்டு நோய்க்குறிப்பு எழுதுவது மருத்துவமும் ஆகாது, வியாக்கியானமும் ஆகாது. மேலும் நோயின் பெயர் மாறுவதால் மட்டும் சங்கிலி கழன்றுவிடுவதில்லை. பேய் பிடித்தவன் என்று கட்டப்பட்டவன் நோயாளி என்றும் கட்டப்படலாம், கட்டப்பட்டும் இருக்கிறான்.

மூன்றாவது, சமுதாய அரசியல் விளக்கம். லேகியோன் என்பது ஏறத்தாழ 5000 முதல் 6000 வீரர் கொண்ட ரோமப் படைப்பிரிவின் பெயர். பாலஸ்தீனாவில் நிலைகொண்ட பத்தாம் படைப்பிரிவின் சின்னங்களுள் காட்டுப்பன்றியும் ஒன்று. ஆகவே அம்மனிதனின் உடலில் குடியேறியது அந்நிய ஆதிக்கமே என்று 1980களில் வந்த ஆய்வுகள் வற்புறுத்தின. அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் 1953 முதல் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சு ஃபனோன், காலனி ஆட்சியும் போரும் மனித மனத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்று எழுதியவை இவ்விளக்கத்திற்கு வலுவூட்டுகின்றன. வறுமையும் அடிமைத்தனமும் மனநோய்க்கு வெளியே நிற்பவை அல்ல என்று நினைவூட்டியதற்காக இதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் இங்கும் ஒரு குறை காணப்படுகிறது. மனிதன் உருவகமாகிவிடுகிறான். தன்னைக் கற்களால் கீறிக்கொண்ட உடல் ஒரு நாட்டின் சின்னமாகிவிட்டால், அந்த உடலின் புண்ணுக்கு மருந்திடுவோர் யார்?

மூன்று விளக்கங்களும் தம்முள் மாறுபடினும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. மூன்றும் பதின்மூன்றாம் வசனத்தோடு நிறைவுகொள்கின்றன. பின்னுள்ள ஏழு வசனங்கள் இவற்றுக்குப் பெரிதும் தேவைப்படவில்லை.

2. ஊரின் நடத்தை

மூலப்பாடத்தில் இந்நாட்டின் பெயர் உறுதியாக இல்லை. கெரசேனர், கதரேனர், கெர்கெசேனர் என்று கையெழுத்துப் பிரதிகள் வேறுபடுகின்றன. கெரசா என்னும் நகரம் ஏரியிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்தமையால் எழுத்தர் பெயரை மாற்றியிருக்கலாம் என்பர். ஊரின் பெயர் ஐயத்திற்குரியது. அதன் நடத்தை ஐயத்திற்குரியதன்று.

மாற்கு கூறும் விவரங்களுள் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அம்மனிதன் ஒருமுறை அன்று, பலமுறை கட்டப்பட்டிருக்கிறான். பலமுறையும் தளைகளை முறித்திருக்கிறான். பயனற்றது என்று தெரிந்த ஒன்றை ஊரார் ஏன் மீண்டும் மீண்டும் செய்தனர்? பிரெஞ்சு சிந்தனையாளர் ரெனே ஜிரார், 1982ஆம் ஆண்டு பலியாடு பற்றி வெளியிட்ட நூலில் இப்பகுதிக்கெனத் தனி அதிகாரமே வகுத்து, இவ்வினாவை எழுப்பினார். ஊருக்கும் பித்தனுக்கும் இடையே ஒருவகை உடன்பாடு நிலவியது என்பது அவர் முடிவு. கல்லறையில் ஒருவன் அலறிக்கொண்டிருக்கும்வரை ஊருக்குள் இருப்போர் அனைவரும் தெளிந்தவர்கள். அவன் தெளிந்துவிட்டால் அவர்கள் தம்மைத் தாமே பார்க்க வேண்டியவர்களாகின்றனர். அவன் வெறிகொண்டிருந்தபோது அவர்கள் அஞ்சியதாக மாற்கு எழுதவில்லை. அவன் ஆடையுடுத்தித் தெளிவோடு அமர்ந்திருப்பதைக் கண்டபோதே அஞ்சினர் என்று எழுதுகிறார். இந்நுட்பத்தைச் சுட்டியமை ஜிராரின் சிறப்பு.

எனினும் அவருடைய வாசிப்பிலும் மனிதன் ஊரின் தேவையை நிறைவேற்றும் ஒரு பாத்திரமாகவே நிற்கிறான். அவனுக்கு வீடு இருந்தது, அவனைச் சேர்ந்தவர்கள் இருந்தனர் என்று இறுதியில் இயேசுவின் வாயிலாகவே நாம் அறிகிறோம். கல்லறைகளைப்பற்றி விரிவாகக் கேட்ட வாசகன் வீட்டைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவ்வீட்டார் அத்தனை ஆண்டுகளும் என்ன செய்தனர்? தளையிட்டவர்களுள் அவர்களும் இருந்தனரா? அல்லது எவரும் அறியாமல் கல்லறை மேட்டுக்கு உணவு கொண்டுசென்றனரா? திருமறை கூறவில்லை. மனநோயாளியின் குடும்பத்தை அறிந்த ஆயர் எவரும் இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடக்கக்கூடியவை என்பதை அறிவார்.

3. மலையடிவாரத்து நிலை

தேவாரம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், மலையின் காலடியில் அமைந்த பேரூர். நேர்மேலே தெரியும் மலைமுகட்டுக்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் உள்ளன. சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை அமைக்கவேண்டும் என்பது இவ்வூராரின் நெடுநாளைய கோரிக்கை. அச்சாலை இல்லாமையால், மலைக்கு மறுபுறம் கூலிவேலைக்குச் செல்வோர் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றிச் செல்கின்றனர். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, இருட்டும் வேளையில் இறங்கும் இக்கூலியாட்களுள் பெண்களே மிகுதி. வேறு சிலர் வாரக்கணக்கில் தோட்டத்து லயங்களிலேயே தங்குகின்றனர்.

இந்நிலையில் குடும்பத்தில் ஒருவர் மனநோயுற்றால் நிகழ்வது என்ன? நோயின் தொடக்கம் எளிதிற் கவனிக்கப்படுவதில்லை. வேலைக்கு வர மறுப்பது சோம்பலாகவும், தனியே பேசுவது குறும்பாகவும், உறங்காமல் அலைவது குடியாகவும் எண்ணப்படுகிறது. பின்னர்க் கோடங்கியிடமோ, தர்காவிற்கோ, ஜெபவீட்டிற்கோ அழைத்துச் செல்லப்படுகின்றனர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க. விலக்கில் இருக்கிறது. தேவாரத்திலிருந்து போடி, தேனி ஆகிய ஊர்களைக் கடந்து அங்கே சென்று திரும்ப ஒரு நாள் கழிந்துவிடும். நோயாளி தனியே செல்ல இயலாதாகையால் கழிவது இருவரின் நாள். மாதந்தோறும் இருவர் கூலியை இழந்து பெறவேண்டிய மருந்து, நோய் சற்றுத் தணிந்தவுடன் நின்றுவிடுவதை அலட்சியம் என்று கூறுவது எளிது. அது பெரும்பாலும் கணக்கு.

மருந்து நின்ற சில வாரங்களில் நோய் திரும்புகிறது. இம்முறை பகலில் வீட்டில் எவரும் இல்லை. வேலைக்குச் செல்லும் மனைவியோ தாயோ கதவை வெளியே பூட்டிச் செல்கிறார். சில வீடுகளில் காலில் கயிறு கட்டப்படுகிறது. இதனைக் கொடுமை என்னாமல் வேறென்ன என்பது? ஆயினும் செய்தவரைக் கொடியவர் என்று நாம் கூறத் துணியோம். கட்டாவிட்டால் அவர் சாலைக்குச் செல்வார், மலையில் வழிதவறுவார், தோட்டத்துப் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்றைய கூலி இல்லையேல் அன்றைய உணவில்லை. தேவாரத்தின் சங்கிலியை இரும்பினால் மட்டும் செய்ததென்று கருதுவோர் அதன் பாதி நீளத்தையே கண்டவராவர்.

நோயுற்றவரின் பெயரும் இக்காலத்தில் மெல்ல மறைகிறது. ஊரார் ‘மெண்டல்’ என்கின்றனர். வீட்டாரும் ‘அது’ என்று பேசத் தொடங்குகின்றனர். இயேசு அம்மனிதனிடம் முதலில் கேட்டது அவன் பெயரை. அவன் தன் நோயின் பெயரையே விடையாகக் கூறினான் என்பதை இவ்விடத்தில் நாம் நினைவுகூர வேண்டும்.

ஏலக்காயின் அன்றாட விலை போடியில் அனைவர்க்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் மலைக்கு மறுபுறம் புற்றடியில் நடந்த ஏலத்தில் அதன் உச்ச விலை கிலோ ஒன்றுக்கு 7000 ரூபாயைத் தொட்டதை இப்பகுதியார் இன்றும் பேசுவர். தன் பன்றிகளை எண்ணி வைத்திருந்த ஊர் கல்லறையில் இருந்தவனின் நாட்களை எண்ணவில்லை. பொருளாதாரம் தீயது என்பதன்று மாற்கு கூறுவது; ஓர் ஊர் எதனை எண்ணுகிறதோ அதனைக்கொண்டு அவ்வூரை அறியலாம் என்பதே. 2015–16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. மனநோய்க்குச் சிகிச்சை பெறாதோர் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர் என்று அது கண்டது. மலைச்சரிவு ஊர்களில் இந்நிலை மேலாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

4. சங்கிலியும் சட்டமும்

சங்கிலியைப்பற்றித் தமிழகம் பேச வேண்டிய நாள் 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநலக் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களைக் கொன்றது தர்கா அன்று என்பதை நாம் தெளிவாகக் கூறவேண்டும். தர்காவை நாடிவந்தோரைப் பணம் பெற்றுக்கொண்டு அடைத்துவைத்த காப்பகங்களே அங்கு பெருகியிருந்தன. குடும்பங்கள் தம்மவரை விட்டுச்சென்றன. பலர் திரும்பி வரவில்லை. வேறு சமயத்தாரின் தலத்தருகே நடந்தது என்று நம் மக்கள் ஒதுங்கிக்கொள்ள இதில் இடமில்லை. சங்கிலிக்குச் சமயம் கிடையாது; ஜெபவீடு என்னும் பெயர்ப்பலகை தொங்கும் இடங்களிலும் அது காணப்பட்டிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. குருமாரும் இறையியல் மாணவரும் இச்சட்டத்தின் சில பிரிவுகளையேனும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 18ஆம் பிரிவு, மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. 19ஆம் பிரிவு, சமுதாயத்தில் வாழும் உரிமையை உறுதிசெய்து, குடும்பத்தார் கைவிட்டனர் என்னும் காரணத்தால் ஒருவர் நிலையத்தில் அடைந்துகிடக்கலாகாது என்கிறது. 95ஆம் பிரிவு, எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 100ஆம் பிரிவு, தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பிற்கு எடுத்துக்கொள்ளும் கடமையைக் காவல்துறைக்கு அளிக்கிறது. 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு உட்பட்டவராகவே கருதவேண்டும் என்கிறது. மனநோயுற்றோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிலையமும், அது சமய நிறுவனமாயினும், பதிவுசெய்யப்பட வேண்டும்.

சட்டம் நல்லது. ஆயின் மாற்குவின் கதையோடு ஒப்பிடுங்கால், அது இன்னும் பதினைந்தாம் வசனத்தில் நிற்கிறது. சங்கிலி இல்லை, ஆடை உண்டு, தெளிவும் வரலாம். பத்தொன்பதாம் வசனத்தின் வீடு எங்கே? ஏர்வாடிக் காப்பகங்களிலிருந்து மீட்கப்பட்டோரில் பலர் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். ஒரு சுவரிலிருந்து மற்றொரு சுவருக்குச் செல்வது, இரண்டாம் சுவர் எத்துணைத் தூய்மையாக இருப்பினும், வீட்டுக்கு அனுப்பப்படுவதாகாது.

5. வீடு என்பது யார்?

இங்கு நம் வாசிப்புக்கே ஒரு தடையை நாம் எழுப்ப வேண்டும். இயேசு அவனை வீட்டுக்கு அனுப்பினார். ஆகையால் மனநோயாளியின் இடம் வீடே என்று முடிப்பது எளிது. மனநல வல்லுநரும் ஏறத்தாழ இதனையே கூறுகின்றனர். 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளோடு குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்துக் கூடாரங்களில் தங்கச்செய்தார். 1957ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தார் உடனிருந்து பராமரிக்கும் முறையைக் கைக்கொண்டது. அடைத்துவைக்கும் விடுதியே மனநோய்க்கு விடை என்று உலகம் நம்பிய காலத்தில் இவை துணிவான செயல்கள். 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டமும், கருநாடகத்துப் பெல்லாரியில் பெற்ற அனுபவத்தைக்கொண்டு 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் சிகிச்சையை மக்கள் வாழுமிடத்திற்குக் கொண்டுசெல்வதையே நோக்கமாகக் கொண்டன.

இத்திட்டத்தின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயின் நடைமுறையில் ‘சமுதாயம்’ என்னும் சொல் சுருங்கிச் சுருங்கி ‘குடும்பம்’ ஆகிறது. குடும்பம் சுருங்கி ஒரு பெண் ஆகிறது. தேவாரத்தில் அப்பெண் ஏலத்தோட்டத்துக் கூலியாள். மருத்துவமனை நோயாளியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு அதனைச் சமுதாயப் பராமரிப்பு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளுமாயின், அது விடுதலை அன்று. சுமை கைமாறுவது மட்டுமே. அவள் கதவைப் பூட்டிச் செல்லும் நாளில் சட்டம் அவளைக் குற்றவாளி என்கிறது. இந்த அநீதியை எடுத்துக்கூறுவோர் அருகியே இருக்கின்றனர்.

மீண்டும் மூலப்பாடத்திற்கு வருவோம். இயேசு குறிப்பிடுவது வீடு மட்டும் அன்று. அவனைச் சேர்ந்தவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். கிரேக்க மூலத்தில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. அவனைச் சேர்ந்தவர்கள் யாவர் என்று வரையறுக்கப்படவில்லை. அவனை அஞ்சி நின்ற ஊராரும் அதனுள் அடங்கலாம். அடங்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் இருபதாம் வசனத்தில் அவன் தன் வீட்டோடு நிற்காமல் தெக்கப்போலி நாடெங்கும் பேசுகிறான். மத்தேயு இந்த அனுப்புதலை முற்றிலும் விட்டுவிடுகிறார். மாற்குவும் லூக்காவுமே அதனைக் காத்துவைத்துள்ளனர். அனுப்புதல் இல்லாத வடிவில் இக்கதை ஓர் அற்புதம். அனுப்புதலோடு சேரும்போது அது ஊருக்கு விடுக்கப்பட்ட அழைப்பு.

எனவே ‘யார் வீடு?’ என்னும் வினாவிற்கு விடை இதுவே: நோயாளியின் சுமையைச் சுமக்கும் பெண்ணுக்குச் சபை எவ்வளவு வீடாகிறதோ, அவ்வளவே நோயாளிக்கும் வீடுண்டு.

6. ஆயரின் பணி

இதனை நடைமுறையில் எவ்வாறு கொள்வது? முதலாவது, ஜெபமும் மருந்தும் பற்றியது. நோயாளியின் குடும்பம் ஆயரிடம் முதலில் கேட்பது ஜெபம். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஏளனம் செய்யவும் கூடாது. 2002ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்தது. சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்குக் கடுஞ்சடங்குகள் இல்லை, உறவினர் உடனிருந்தனர், அச்சமற்ற, ஆதரவான சூழல் இருந்தது. ஆய்வாளர்கள் பயனுக்குக் காரணமாகக் கூறியதும் அச்சூழலையே. வழிபாட்டிடம் மனிதனுக்கு என்ன தரமுடியும் என்பதற்கு இது சான்று. மருந்தை நிறுத்தலாம் என்பதற்குச் சான்றாகாது. குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் தொடங்கி, பின்னர் ஏர்வாடியிலும் வந்த ‘தவா–துவா’ முறையில், வேண்டுதல் நடக்கும் இடத்திலேயே மனநல மருத்துவரும் அமர்கிறார். தீயினால் கற்ற பாடத்தை ஏர்வாடி இவ்வாறு பயன்படுத்துகிறது. மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் மெய்யாகும் என்று போதிக்கும் எவரையும் நம் மேடைகளில் ஏற்றலாகாது. அப்போதனை உயிரைக் குடிக்கும்.

இரண்டாவது, சுமையைப் பகிர்தல். ஒரு சபையில் நான்கு குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டால், ஒரு நோயாளியை மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று வரமுடியும். அவருடைய தாய் அன்றைய கூலியை இழக்க வேண்டியதில்லை. பகல்வேளையில் ஆலய வளாகத்தில் நோயாளர் சிலர் வந்து அமரவும், சிறுவேலை செய்யவும், மதிய உணவு உண்ணவும் இடமளிக்கலாம். இதற்கு நன்கொடையைவிட மிகுதியாகத் தேவைப்படுவது சபையார் அச்சம் தவிர்ப்பது. அவசர வேளையில் 14416 என்னும் எண்ணில் ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இவ்வெண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கச் செலவேதுமில்லை.

மூன்றாவது, பரிந்துபேசுதல். 2021ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. மனநோய்க்கான மருந்துகளும் அவ்வாறே மலையடிவாரத்து ஊர்களுக்கு வரவேண்டும் என்று கேட்பது பேராசையன்று. இடுக்கியில் வேலைசெய்து தேனியில் வாழும் தொழிலாளி இரு மாநிலங்களின் பதிவேடுகளுக்கிடையே விழுந்துவிடாதபடி, இரு மாவட்ட மனநலக் குழுக்களும் ஒரே சிகிச்சைச் சீட்டை ஏற்கவேண்டும் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உட்படுத்துகிறது. அதன்படி அடையாள அட்டை பெற உதவுவது ஆயருக்குரிய எளிய பணி. குரங்கணி மலைப்பகுதியின் முதுவர் குடியிருப்புகள் போன்ற இடங்களுக்கு இவற்றுள் எதுவும் தானாக ஏறிச் செல்லாது. யாரேனும் ஏறிச்சென்று சொல்லவேண்டும்.

நான்காவது, மிக முக்கியமானது. கெரசேனர் நாட்டில் கதையைச் சொன்னவர் சீடர் அல்லர், குணம்பெற்றவனே சொன்னான். மனநோயுற்றோர் சார்பில் பேசுவோர், அவர்கள் தாமே பேசும் இடத்தை அடைத்துக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. நோயாளி எந்த மருந்தால் கைநடுக்கம் உண்டாகிறது என்று கூறும்போது கேட்கவும், எங்கே வாழ விரும்புகிறார் என்று வினவவும், திருவிருந்துப் பந்தியில் அவரை அவர் பெயரால் அழைக்கவும் தெரியாத சபை, அரசுக்கு எழுதும் மனுக்கள் வெறும் காகிதமே.

7. முடிவாக

மாற்கு இவ்வரலாற்றை முடிக்குமிடத்தில் யாவரும் வியந்தனர் என்று மட்டும் கூறுகிறார். ஏற்றுக்கொண்டனர் என்று கூறவில்லை. அவன் வீட்டுக்கதவு திறந்ததா, எவரும் வேலை கொடுத்தனரா, மீண்டும் ஓர் இரவு அவன் மனம் கலங்கியபோது ஊரார் கல்லறையைக் காட்டினரா, அருகில் அமர்ந்தனரா என்பன கூறப்படவில்லை. இம்மௌனம் நற்செய்தியாளரின் குறையன்று. இயேசு படகேறிச் சென்றுவிட்டார். ஊர் அங்கேயே இருக்கிறது. எழுதப்படாத அவ்வசனங்கள் ஊருக்கென விடப்பட்டவை.

ஆகவே இப்பகுதியைப் பிரசங்கத்திற்கு எடுத்துக்கொள்ளும் இறையியல் மாணவர், பதின்மூன்றாம் வசனத்தில் நிறுத்தாது இறுதிவரை வாசிப்பாராக. வாசித்தபின், தாம் ஊழியம் செய்யும் ஊரில் இன்று பகலில் எந்த வீடு வெளியே பூட்டப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பாராக. அப்பூட்டின் சாவி எந்தப் பெண்ணின் முந்தானையில் முடியப்பட்டு எந்தத் தோட்டத்திற்குச் சென்றிருக்கிறது என்று அறிந்துகொண்டபின் எழுதப்படும் பிரசங்கம் வேறுவகையாக இருக்கும் என்பது நம் துணிபு.